பூ இருக்கு, வண்டு எங்கே?

போன வாரம் வந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த ‘ஆக்சுவலி’களை வெட்டிட்டேன். மற்றது பெரும்பாலும் பேசினபடியே இருக்கு.

எருக்கு தெரியாத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. காலி மனை, ரயில்வே டிராக் ஓரம், பாலம் கட்டிவிட்டு அள்ளாமல் போன மண்மேடு, எங்கே பார்த்தாலும் நிற்கும். பிள்ளையார் சதுர்த்தி அன்னிக்கு மட்டும் மாலையாக் கட்டி விலை சொல்வாங்க. மற்ற நாளில் யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. ஆனா அதோட பூ எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தீங்கன்னா அசந்துபோவீங்க.

பூவோட நடுவில் கிரீடம் மாதிரி ஒரு அமைப்பு, ஐந்து பக்கம். பக்கத்துக்குப் பக்கம் நடுவில் ஒரு மெல்லிய பிளவு. மற்ற பூவில் மகரந்தம் தூளாக இருக்கும், கையில் ஒட்டும். எருக்கில் தூள் கிடையாது. மொத்த மகரந்தமும் மெழுகு மாதிரி இரண்டு குட்டிப் பொட்டலமாகக் கட்டி, ஒரு கறுப்பு கிளிப்பில் தொங்கும். பொம்மைக்குப் போடுற மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்கும். பெரிய கருவண்டு ஒண்ணு சுத்துமே, புத்தகத்தில் தச்சுத்தேனீன்னு போட்டிருப்பாங்க, அது தேன் குடிக்க உட்காரும்போது கால் அந்தப் பிளவுக்குள் வழுக்கும். கிளிப் காலில் மாட்டிக்கும். வண்டு இழுத்துக்கிட்டுப் பறந்தா பொட்டலமும் கூடவே போகும். அடுத்த பூவில் கால் வழுக்கும்போது பொட்டலம் அங்கே இறங்கும். பலமில்லாத சின்னப் பூச்சி மாட்டினா, காலை உருவ முடியாம சில சமயம் அங்கேயே செத்துப்போகும்.

அதாவது வண்டு இல்லாம இந்தப் பூவை விளக்கவே முடியாது. பூட்டும் சாவியும் மாதிரி.

இந்த எபிசோடுக்காக, 200 வருஷத்துக்கு முன்னாடி நம்ம கரையில் வரைந்த செடிப் படங்களை வரிசையா உட்கார்ந்து பார்த்தேன். இலை நரம்பு, தண்டில் இருக்கிற ரோமம், சூல்பையைக் குறுக்கே வெட்டினா தெரியும் அறைகள், எல்லாம் இருக்கு. அவ்வளவு துல்லியம். ஆனா நான் பார்த்த பக்கங்களில் ஒரு வண்டு இல்லை, ஒரு எறும்பு இல்லை, இலையைக் கடித்த ஒரு புழு இல்லை. வரைந்தவங்க இந்த ஊர்க்காரங்க. பூ இருக்கிற இடத்தில் வண்டு இருக்கும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போ வண்டை எடுத்தது யார், எதுக்காக?

எனக்குச் சொந்த ஊர் கோலியனூர். விழுப்புரத்திலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் போனவங்களுக்குக் கோலியனூர் கூட்டு ரோடு தெரிஞ்சிருக்கும். அங்கே ரோடு பிரியும். ஒண்ணு வளவனூர் வழியா பாண்டிச்சேரிக்கு, இன்னொண்ணு பண்ருட்டி, கும்பகோணம் வழியா தஞ்சாவூருக்கு. இந்தக் கதையும் அந்த இரண்டு பக்கமும் போகுது.

முதலில் பாண்டிப் பக்கம். பியர் சொனெரா, பிரெஞ்சுக்காரர், 1748-ல் பிறந்தவர். படமும் வரைவார், செடி, பறவை, விலங்கு எல்லாம் சேகரிப்பார், கிடைத்ததை எல்லாம் எழுதுவார். திண்டிவனத்திலிருந்து பாண்டி போற வழியில் திருவக்கரை இருக்கே, கல்மரப் பூங்கா, பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிட்டுப் போயிருப்பாங்க, அந்தக் கல்லான மரங்களைப் பற்றி 1781-ல் முதலில் பதிவு செய்தவர் இவர்தான். சுமார் 2 கோடி வருஷத்துப் பழைய மரங்கள். நம்ம ஊர்க் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரான காலஸ் சொனெராட்டி-யிலும் இவர் பெயர் இருக்கு.

ஆனா சொனெராவுக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. 1776-ல் நியூ கினி பயணம்னு ஒரு புத்தகம் போட்டார். அதில் பென்குயின் படம் இருக்கு. நியூ கினியில் பென்குயின் கிடையாது. ஆஸ்திரேலியாவின் குக்கபரா பறவையையும் நியூ கினிப் பறவைன்னு போட்டார். அவர் நியூ கினி பெருந்தீவில் கால் வைக்கவே இல்லைங்கிறதுதான் இதில் உச்சம். யாரோ கொடுத்த பதப்படுத்திய உடலைப் பார்த்து வரைந்து, ஊர்ப் பெயரைத் தானே போட்டுக்கிட்டார். படம் அழகா இருந்தா மக்கள் நம்பிடுவாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

தஞ்சாவூர்ப் பக்கம் வேற கதை. 1798-லிருந்து 1832 வரை அங்கே அரசர் இரண்டாம் சரபோஜி. சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர், ஐரோப்பிய அறிவியலில் ஆர்வம் உள்ளவர். சாமி படத்துக்குத் தங்கரேக்கு ஒட்டின அதே மரபு ஓவியர்கள், அவர் காலத்தில் பறவை, விலங்கு, செடி படங்களும் வரைந்தாங்க. கம்பெனி அதிகாரிகள் கேட்டதையும் வரைந்து கொடுத்தாங்க. ‘கம்பெனி ஓவியம்’னு கலை வரலாற்றில் ஒரு தனிப் பிரிவே இருக்கு. ஐரோப்பியக் காகிதம், ஐரோப்பிய பாணி நிழல், ஆனா கை நம்ம ஊர்க் கை.

பூவும் பூச்சியும் ஒரே தாளில் இருந்த காலம்

வண்டு இல்லாத பூ ஏதோ இயல்பான விஷயம்னு நினைக்காதீங்க. அதுக்கு முன்னாடி நிலைமை நேர் எதிரா இருந்தது.

மரியா சிபில்லா மெரியன். 1647-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே பட்டுப்புழு, கம்பளிப்புழு வளர்த்து, ஒவ்வொரு நிலையையும் வரைந்தவர். 1699-ல், 52 வயசில், மகளைக் கூட்டிக்கிட்டு தென்னமெரிக்காவில் இருக்கிற சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். 1705-ல் 60 படங்களோட அவர் புத்தகம் வந்தது. ஒவ்வொரு படத்திலும் ஒரு செடி. அதிலேயே முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகு விரித்த பூச்சி எல்லாம். எந்தப் புழு எந்த இலையைத் தின்னும்ங்கிறதுதான் அவருக்கு முக்கியம். இன்னிக்கு நாம ‘உணவுச் செடி’னு சொல்றது அவருக்குப் படத்தோட அடிப்படை.

அதில் ஒரு படம் மயில்கொன்றை. ஆமா, நம்ம பள்ளிக்கூட வாசலில் சிவப்பும் மஞ்சளுமா நிக்கும் அதே செடி. அதன் பக்கத்தில் மெரியன் எழுதின குறிப்பைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் போகலை. சூரினாமின் தோட்டங்களில் அடிமையாக இருந்த பெண்கள், தங்கள் குழந்தை இந்த வாழ்க்கைக்குள் பிறக்கக் கூடாதுன்னு, இந்தச் செடியின் விதையால் கருவைக் கலைத்தாங்கன்னு அவர் பதிவு செய்றார். அந்தப் பெண்களே தன்கிட்ட சொன்னதாவும் எழுதுறார். ஒரு செடிப் படத்துக்குப் பக்கத்தில் இது. செடியை யார் தின்கிறாங்க, யார் எதுக்குப் பயன்படுத்துறாங்க, எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்த ஒரு மனசு அது.

இந்தியாவிலும் பூச்சிக்கு இடம் இருந்தது. ஷாஜகானின் மகன் தாரா ஷுகோ 1630-களில் தொகுத்த ஓவிய ஆல்பம் இப்போ லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கு. அதில் பூச்செடிகளைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும். தமிழில் சொல்லவே வேண்டாம். சங்கப் பாட்டில் பூ வந்தா பின்னாடியே தும்பியோ வண்டோ வந்துடும்.

இரண்டு பெட்டி

அப்புறம் எங்கே பிரிஞ்சது? படத்தில் இல்லை, பார்சலில்னு நான் நினைக்கிறேன்.

1690-களில் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன்னு ஒரு டாக்டர். நம்ம ஊர்ச் செடிகளைக் காயவைத்து, தமிழ்ப் பெயரையும் மருந்துக் குணத்தையும் எழுதி, லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவர்ங்கிற மருந்துக்கடைக்காரருக்கு அனுப்பினார். ராயல் சொசைட்டியின் இதழில் அந்தத் தமிழ்ப் பெயர்கள், கடித்துத் துப்பிய ஆங்கில ஸ்பெல்லிங்கில், அச்சாகியிருக்கு. செடியைக் காகிதத்தில் ஒட்டி அனுப்பலாம். பூச்சியை அப்படி அனுப்ப முடியாது, ஊசி குத்திப் பெட்டியில் வைக்கணும். இரண்டும் வேற வேற பார்சல்.

அடுத்த நூற்றாண்டில் இது இன்னும் தெளிவா நடந்தது. யோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர், 1768-ல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் மிஷனுக்கு டாக்டரா வந்தார். பிறகு ஆற்காடு நவாபிடம் வேலை, அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வேலை. 1785-ல் இறந்தார். இவரை உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்க, ஆனா தினமும் தாளிக்கிறீங்க. கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் முராயா கோனிகி, இவர் பெயர்தான். கோனிக் செடியும் சேகரித்தார், பூச்சியும் சேகரித்தார், கறையானைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். பூச்சியெல்லாம் லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபாப்ரிசியஸிடம் போச்சு. அவர் பெயர் வைத்தார். செடிகள் தாவரவியலாளர்களிடம் போச்சு. ஒரே மனுஷன் ஒரே கரையில் சேகரித்தது, ஐரோப்பாவில் இரண்டு டேட்டாபேஸா ஆயிடுச்சு. இரண்டுக்கும் நடுவில் ஃபாரின் கீ கிடையாது. எந்தப் பூச்சியை எந்தச் செடியில் பிடிச்சாங்கங்கிற தகவலுக்கு அந்த டேபிளில் ஃபீல்டே இல்லை.

கோனிக்கின் நண்பர் வில்லியம் ராக்ஸ்பர்க் 1776-ல் சென்னைக்கு வந்தவர். இந்திய ஓவியர்களை வைத்து வரையச் சொன்னார். அதிலிருந்து 300 படங்களைப் பொறுக்கி, கம்பெனி செலவில், ஜோசப் பேங்க்ஸ் மேற்பார்வையில், லண்டனில் 1795 முதல் 1820 வரை ‘கோரமண்டல் கரையின் செடிகள்’னு மூணு பெரிய தொகுதியா வந்தது. பிரமாதமான புத்தகம். தேடித் தேடிப் பார்த்தாலும் வரைந்த ஓவியர் யாருன்னு அதில் கிடைக்காது.

இதே சமயத்தில் நடந்த இன்னும் இரண்டு விஷயத்தைப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. 1793-ல் ஜெர்மனியில் ஸ்ப்ரெங்கல்னு ஒரு பள்ளித் தலைமையாசிரியர், பூவின் நிறமும் கோடும் தேனும் பூச்சியை வரவழைக்கத்தான்னு படங்களோட ஒரு புத்தகம் போட்டார். யாரும் பெருசா எடுத்துக்கலை. டார்வின் பிறகு எடுத்துப் பேசும் வரைக்கும் அது கிட்டத்தட்டத் தூங்கினது. இது ஒண்ணு. இன்னொண்ணு, 1800-ல் எட்வர்ட் டோனவன் லண்டனில் ‘இந்தியாவின் பூச்சிகள்’னு புத்தகம் வெளியிட ஆரம்பித்தார். அட்டகாசமான வண்ணப் படங்கள். இந்தியப் பூச்சி, பூச்செடியில் ஜம்முனு உட்கார்ந்திருக்கும். ஆனா டோனவன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மற்றவங்க சேகரித்து வைத்த செத்த பூச்சிகளைப் பார்த்து வரைந்து, அழகுக்காகச் செடி சேர்த்தார்.

இதுதான் இந்தக் கதையில் எனக்கு உறுத்துற இடம். இந்தியப் பூச்சியையும் செடியையும் சேர்த்து வரைந்தவர் இரண்டையும் உயிரோட சேர்த்துப் பார்த்ததில்லை. தினமும் சேர்த்துப் பார்த்த ஓவியர்களின் தாளில் பூச்சிக்கு இடமில்லை.

ரங்கையா, கோவிந்து

இப்போ முக்கியமான ஆட்களுக்கு வருவோம். ராபர்ட் வைட், ஸ்காட்லாந்துக்காரர், 1796-ல் பிறந்தவர், எடின்பரோவில் மருத்துவம் படித்து 1819-ல் கம்பெனி டாக்டரா இங்கே வந்தார். 1826-ல் ‘மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்’ங்கிற அரசுப் பதவி கிடைத்தது. 1828-ல் செலவைக் குறைக்கணும்னு பதவியையே தூக்கிட்டாங்க. லேஆஃப்தான், வேற என்ன. நாகப்பட்டினத்துக்கு ராணுவ டாக்டரா போனார். அங்கேயும் செடியை விடலை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் ஹூக்கருக்குச் செடிகளும் படங்களும் அனுப்பினார். ஹூக்கர் அந்தப் படங்களைத் தன் இதழில் வெளியிட்டார். 1831-ல் லீவில் ஊருக்குப் போனபோது சுமார் ஒரு லட்சம் உலர்செடி மாதிரிகளைக் கொண்டு போனார். எடை இரண்டு டன்.

அந்தப் படங்களை வரைந்தவர் ரங்கையா. 1820-களின் நடுவிலிருந்து 1845 வாக்கு வரைக்கும் வைட்டிடம் வரைந்தார். அதுக்குப் பிறகு கோவிந்து, 1853-ல் வைட் ஓய்வு பெற்றுக் கிளம்பும் வரை. இவங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, எடின்பரோ தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி நோல்ட்டி 2000-களில் செய்த ஆராய்ச்சியால் வந்தது. தஞ்சாவூர் அரண்மனையோட தொடர்புள்ள தெலுங்கு ஓவியக் குடும்ப மரபில் வந்தவங்கன்னு அவர் கருதுகிறார். கூட்டு ரோட்டில் தெற்கே போற அந்தப் பாதைதான்.

வைட் 1838-லிருந்து 1853 வரை ‘ஐகோன்ஸ்’ங்கிற ஆறு தொகுதி கொண்டுவந்தார். மொத்தம் 2101 படங்கள். இதை லண்டனில் இல்லை, சென்னையிலேயே அச்சடித்தாங்க. ராக்ஸ்பர்க் புத்தகம் செப்புத் தகட்டில் செதுக்கிக் கையால் வண்ணம் தீட்டினது, பணக்காரங்க மேஜைக்கு. வைட்டுக்கு வேண்டியது மலிவான, நிறைய, சீக்கிரம். அதனால் லித்தோகிராஃபி, கல்லச்சு. மழமழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசை உள்ள மையால் வரைவாங்க. கல்லை ஈரமாக்குவாங்க. அச்சு மையை உருட்டினா, கோடு இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டும், ஈரம் இருக்கிற இடத்தில் ஒட்டாது. காகிதத்தை அழுத்தினா படம் இடவலம் மாறி விழும். ஐகோன்ஸில் வண்ணம் கிடையாது, வெறும் கோடு. வண்ணப் படத்துக்கு ‘இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இந்தியன் பாட்டனி’னும் நீலகிரிப் பூக்களுக்கும் தனிப் புத்தகங்கள் போட்டார்.

ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் ஒரே அமைப்புதான். நடுவில் பூவும் இலையுமா ஒரு கிளை. அதன் கீழேயோ பக்கத்திலேயோ பிரித்துப் போட்ட பாகங்கள், பல மடங்கு பெருசாக்கி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண். மொட்டு, விரித்து வைத்த இதழ்க்குழல், தனியா ஒரு மகரந்தத்தாள், சூல்பையின் குறுக்குவெட்டு, காய், பிளந்த விதை. பைக் எஞ்சினைக் கழற்றித் துணியில் பரப்பி வைத்த மெக்கானிக் ஷெட் மாதிரி இருக்கும். தங்கரேக்கு மரபில் வந்த ஒரு கை இதைக் கத்துக்கிட்டதை யோசிச்சுப் பாருங்க. சாமி படத்தில் அளவு, நிறம், முத்திரை எல்லாம் பரம்பரையா முடிவு செய்தது. இங்கே ஒவ்வொரு பூவும் புது இலக்கணம். மூணு சூல் அறையா ஐந்தா, ரோமம் மேலே நோக்கியா கீழேயா, ஒரு கோடு தப்பினா வேற இனம் ஆயிடும். பூ சாயங்காலத்துக்குள் வாடிடும், அதுக்குள்ள நிறத்தைப் பிடிக்கணும்.

பூச்சி ஏன் இல்லைங்கிறதுக்கு நியாயமான காரணமும் இங்கேதான் இருக்கு. சொனெராவின் பென்குயினையும் டோனவனின் செடியையும் ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே. மேஜையில் என்ன இருக்கோ அதை மட்டும் வரை, பக்கத்தில் ஒண்ணும் சேர்க்காதேங்கிற ஒழுங்கு அந்தப் பொய்களை வெளியே தள்ளினது. இன்னொரு நாட்டில் இன்னொருத்தர் கையில் ஒரு செடியை வைத்துக்கிட்டு, இதுவா அதுவான்னு ஒப்பிடணும்னா, படத்தில் அழகுக்குச் சேர்த்தது எதுவும் இருக்கக் கூடாது. பழைய பெயர்களில் சிலவற்றுக்கு, மூல மாதிரி இல்லாத இடத்தில், படமே ‘டைப்’ ஆக, அதாவது அந்தப் பெயருக்கான சட்டபூர்வச் சான்றா, இருக்கலாம்னு தாவரவியல் விதி இருக்கு. அவ்வளவு பாரத்தை ஒரு ஓவியன் கோட்டின் மேல் வைத்தா, அங்கே வண்டு சுத்துறது இடைஞ்சல்தான்.

அதனால் எனக்கு வைட் மேல் கோபம் இல்லை. ஆனா விலை கொடுத்தாச்சுங்கிறதையும் சொல்லணும். எருக்குக் குடும்பம்தான் அதுக்கு நல்ல உதாரணம்.

வைட்டுக்குப் பிடித்த குடும்பங்களில் அது ஒண்ணு. 1834-ல் அவர் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் எருக்குக் குடும்பச் செடிகளுக்குப் பெரிய இடம். இல்லஸ்ட்ரேஷன்ஸிலும் எருக்கு இருக்கு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1831-ல், லண்டனில் ராபர்ட் பிரவுன் ஒரு கட்டுரை வாசித்தார். ஆர்க்கிட் குடும்பமும் எருக்குக் குடும்பமும் எப்படிக் கருவுறுதுன்னு. அந்தப் பொட்டலங்களை நகர்த்துறதில் பூச்சிக்குப் பங்கு இருக்குன்னு அவர் கவனமா எழுதினார். போற போக்கில் ஒரு தகவல். செல்லுக்குள் இருக்கிற ‘நியூக்ளியஸ்’க்கு அந்தப் பெயர் வைத்ததும் இதே கட்டுரையில்தான். பத்தாம் வகுப்பு பயாலஜி மொத்தமும் ஆர்க்கிட், எருக்குக் குடும்பங்களைப் பற்றிய ஒரு கட்டுரைக்குக் கடன்பட்டிருக்கு.

ஆக, பூச்சி முக்கியம்னு தெரிய ஆரம்பித்த அதே பத்தாண்டில்தான் ரங்கையா வரைந்துக்கிட்டிருந்தார். ஒரு பூவைப் பிளந்து அந்தக் கிளிப்பையும் பொட்டலத்தையும் தனியா எடுத்துப் போடுற அளவுக்கு இந்த ஓவிய முறை கூர்மையானது. அந்தக் கிளிப் எந்தக் காலுக்காகச் செய்ததோ அந்தக் கால் மட்டும் தாளில் இல்லை. கருவண்டு எருக்கில் உட்கார்ற விதம் இந்த ஊரில் எந்தச் சின்னப் பையனுக்கும் தெரியும். எருக்கிலையைத் தின்று வளர்ந்து, ஆரஞ்சுச் சிறகோட பறக்கும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியையும் தெரியும். அந்த அறிவைக் கேட்க அந்தத் தாளில் ஒரு கட்டம் இல்லை. மெரியன் சூரினாமில் பெண்களிடம் கேட்டார். இங்கே செடியின் ஊர்ப் பெயரைக் கேட்டாங்க, மருந்துக்கு ஆகுமான்னு கேட்டாங்க, அதோட நிறுத்திக்கிட்டாங்க.

சரி, பெயர் விஷயம். வைட்டை நான் ஒரு விஷயத்தில் மற்றவங்களைவிட மேலே வைப்பேன். ஐகோன்ஸ் பக்கங்களில் ரங்கையா, கோவிந்து பெயர்கள் அச்சாகியிருக்கு. படத்தின் கீழே ஒரு ஓரத்தில் ‘ரங்கையா வரைந்தது’ன்னு லத்தீன் சுருக்கத்தில், இன்னொரு ஓரத்தில் கல்லில் ஏற்றிய டம்ஃபியின் பெயர். கம்பெனி காலத்தில் இது அபூர்வம். கோடுக்குக் கமிட் ஆதர் மாதிரி, யார் செய்தாங்கன்னு அந்தப் பக்கத்திலேயே இருக்கு. ராக்ஸ்பர்க்கின் ஓவியர்களுக்கு அந்த ஒரு வரிகூடக் கிடைக்கலை.

இன்னும் ஒரு படி மேலே போய், 1853-ல், கடைசித் தொகுதியில், வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ன்னு பெயர் வைத்தார். கோவிந்தூயியா நெர்வோசா. பேரினப் பெயர்னா சாதாரணம் இல்லை. லின்னேயஸ் காலத்திலிருந்து அந்த மரியாதை பெரும்பாலும் பேராசிரியர்களுக்கும் பிரபுக்களுக்கும்தான். அது மாதச் சம்பளத்துக்கு வரைந்த ஒரு தென்னிந்திய ஓவியருக்குப் போச்சு.

ஆனா அந்தப் பெயர் நிலைக்கலை. அந்தச் செடி ஏற்கெனவே ட்ரோபிடியாங்கிற பேரினத்தில் லிண்ட்லி விவரித்த இனம்தான்னு பிறகு முடிவாச்சு. இப்போ அதன் பெயர் ட்ரோபிடியா குர்குலிகாய்ட்ஸ். முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமைங்கிற விதி, அதில் யாருக்கும் வன்மம் இல்லை. கோவிந்தூயியா இப்போ இணைப்பெயர்ப் பட்டியலில் ஒரு வரி. அதே நேரம், வைட் விவரித்த நூற்றுக்கணக்கான செடிகளின் பெயருக்குப் பின்னால் ‘வைட்’னு இன்னிக்கும் எழுதியாகணும், அது நடைமுறை. வரைந்தவருக்கு அப்படி ஒரு நடைமுறை எந்தக் காலத்திலும் வரலை. படமே சான்றா இருக்கிற இடத்திலும் வரலை.

பூச்சி விஷயம் பழைய கதைன்னு நினைச்சா, உங்க போனை எடுங்க. ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் எருக்கில் வண்டு உட்கார்ந்த படம் ஒண்ணு போடுங்க. ஒரு பதிவு ஒரு உயிருக்குத்தான். எருக்கா வண்டான்னு நீங்க முடிவு செய்யணும். இரண்டும் வேணும்னா அதே படத்தை இரண்டு பதிவா போடணும். எது எதைத் தேடி வந்ததுன்னு சொல்ல தனியா ஃபீல்டு சேர்க்கலாம், விருப்பம் இருந்தா. கட்டாயம் இல்லை, அதனால் பெரும்பாலானவங்க சேர்க்கிறதில்லை. ஸ்கீமா டிசைன் செய்றவங்க சிலர் இதைக் கேட்டுக்கிட்டிருப்பீங்க, அதுக்காகச் சொல்றேன். எந்த ஃபீல்டை ஆப்ஷனலா விடுறோமோ அது 200 வருஷம் கழித்துக் காலியாத்தான் இருக்கும்.

இந்தப் படங்களைப் பார்க்க எடின்பரோ போக வேண்டாம். ஐகோன்ஸ் தொகுதிகள் ஸ்கேன் ஆகி ‘பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி’ தளத்தில் இலவசமா இருக்கு. வைட் பெயரைப் போட்டுத் தேடினா வரும், கணக்குக்கூடத் தொடங்க வேண்டாம். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, பூவைப் பார்த்து முடித்ததும், படத்துக்குக் கீழே இருக்கிற ஓரத்தை ஜூம் பண்ணுங்க. எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கும்.